பக்கத்து வீட்டு நாய் கடித்துவிட்டது, அடுத்து என்ன? கால்நடை மருத்துவரின் பதில்கள்

சமீபத்தில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஒரு வீட்டு நாய் இன்னொரு வீட்டு நாயையோ பூனையையோ ஆட்டையோ கடித்துவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டைத் தாழ்ப்பாள் போட வேண்டியவரும், சங்கிலியைக் கையில் பிடிக்க வேண்டியவரும் யாரோ அவர்தான் அந்த நாய் செய்த எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

பக்கத்து வீட்டு ராட்வீலர் எங்கள் பொமரேனியனை முதுகில் கவ்வி உதறிவிட்டது. 2 சின்னத் துளைகள்தான். மஞ்சள் தூள் வைத்திருக்கிறோம். சாப்பிடுகிறது, நடக்கிறது. டாக்டரிடம் அவசியம் போக வேண்டுமா? (வாசகி, சேலம்)

இன்றைக்கே போங்கள்.

நாய்க்கடியில் வெளியே தெரிவது ரொம்பக் கொஞ்சம். கோரைப்பல் உள்ளே இறங்கியதும் பெரிய நாய் தலையை இரண்டு பக்கமும் உதறும். நாயின் தோல் தளர்வானது, பல்லோடு சேர்ந்து நகர்ந்துகொடுக்கும். அடியில் இருக்கும் தசை அப்படி நகராது, கிழியும். இப்படிக் கடிபட்ட நாயை மேஜையில் படுக்கவைத்து, முடியை மழித்துப் பார்த்தால் பட்டாணி அளவுத் துளைதான் இருக்கும். அதற்குள் முனை மழுங்கிய கருவியை விட்டால் விரல் நீளத்துக்குத் தடையே இல்லாமல் போகும். தோல் தசையை விட்டுப் பிரிந்து ஒரு பை மாதிரி ஆகியிருக்கும். அதற்குள் கடித்த நாயின் எச்சில், முடி, மண் எல்லாம் சேர்ந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, நாய் படுத்துவிடும். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது டாக்டர்" என்று அப்போது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

மார்பில் பல் இறங்கியிருந்தால் விலா எலும்பு உடைந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரலாம். வயிற்றில் இறங்கியிருந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம், அது மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் தெரியவரும். ஈறு வெளுத்திருந்தாலும், மூச்சு வேகமாக இருந்தாலும், வயிறு உப்பினாலும், சிறுநீர் போகாமல் இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மஞ்சள் தூளைக் கழுவிவிடுங்கள். துளையின் வாயை அது அடைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வராது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், வண்டி எண்ணெய் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினால் போதும். மார்பில் ஆழமான காயம் இருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றாமல் சுத்தமான துணியால் மூடி எடுத்து வாருங்கள். வீட்டில் இருக்கிற வலி மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். டைக்ளோஃபினாக்கும் இபுப்ரோஃபெனும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்கு பாராசிட்டமால் விஷம், ஒரே மாத்திரையில் உயிர் போகலாம்.

இன்னொரு விஷயம். கடிக்காயத்தை மருத்துவர் முழுசாகத் தைக்காமல் கொஞ்சம் திறந்து விட்டால் அரைகுறையாக விட்டுவிட்டாரே என்று நினைக்காதீர்கள். உள்ளே சேரும் நீரும் சீழும் வடிவதற்காக வேண்டுமென்றே அப்படி விடுவோம்.

எங்கள் பூனையை எதிர்வீட்டு நாய் கடித்தது. பூனைக்கு ரேபிஸ் ஊசி போட்டதில்லை. நாய்க்காரர் "எங்கள் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சு" என்கிறார். நம்பலாமா? (வாசகர், மதுரை)

வாய்வார்த்தையை நம்ப வேண்டாம், தடுப்பூசிப் புத்தகத்தைக் கேளுங்கள். அதில் மருந்துக் குப்பியின் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் தேதியும் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். தேதி ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் ஊசி போட்டாச்சு என்ற கணக்கில் அது வராது.

புத்தகம் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் பூனைக்கு ஊசியை உடனே தொடங்குங்கள். கடிக்குப் பிறகு போடும் ஊசிக்கு 0, 3, 7, 14, 28 என்று நாள் கணக்கு உண்டு. முதல் ஊசி போடும் நாள்தான் 0. இரண்டு ஊசியோடு பூனை நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

கடித்த நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்துதான் ரேபிஸ் கிருமி எச்சிலில் வரும். அறிகுறி தொடங்கிவிட்டால் நாய் சீக்கிரமே இறந்துவிடும். அதனால் கடித்து 10 நாள் கழித்தும் அது ஆரோக்கியமாக இருந்தால் அந்தக் கடியில் ரேபிஸ் இல்லை என்று அர்த்தம். இந்த 10 நாளும் நாய் அதே வீட்டில், கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பிரச்சினை வந்ததுமே நாயை ஊரில் உறவினர் தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிற வழக்கம் இருக்கிறதே, அதைவிடப் பொறுப்பற்ற செயல் வேறு இல்லை. கடிபட்டவர் கையில் இருந்த ஒரே ஆதாரத்தையும் பறிக்கிற வேலை அது.

பூனையைத் தூக்கியபோது உங்கள் கையில் கீறல் விழுந்ததா? நாயின் எச்சில் உங்கள் கைப்புண்ணில் பட்டதா? சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். அங்கே ஊசி இலவசம்.

கீழ்வீட்டு நாய் எங்கள் நாயின் காலை உடைத்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பெரிய தொகை ஆனது. அவர்கள் "நாய்க்கு நாய் சண்டை, இதற்கு நாங்கள் என்ன செய்வது" என்கிறார்கள். போலீசுக்குப் போகலாமா? (வாசகர், சென்னை)

போகலாம். ஆனால் சட்டம் எதுவரை கைகொடுக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நாயை அஜாக்கிரதையாக விட்டால் பாயும் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289 ஆக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 291. 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது மனித உயிருக்கு வரக்கூடிய ஆபத்தையும், பிராணியால் மனிதருக்கு ஏற்படக்கூடிய கொடுங்காயத்தையும். நாய் பாய்ந்தபோது சங்கிலியைப் பிடித்தபடி நீங்களோ உங்கள் குழந்தையோ அங்கே நின்றிருந்தால் அதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். பிராணியைக் கொல்வது, ஊனப்படுத்துவது பற்றிய பிரிவு 325. அதில் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் செய்தவருக்கு அந்த எண்ணமோ, இப்படி நடக்கும் என்ற அறிவோ இருந்ததைக் காட்ட வேண்டும். "சூ, சூ" என்று ஏவிவிட்டவர்மேல் அது நிற்கும். கேட்டைச் சாத்த மறந்தவர்மேல் நிற்பது கடினம்.

ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கு உள்ள நேரான வழி சிவில் வழக்காக நஷ்டஈடு கேட்பதுதான். அதற்கு ரசீதுகள்தான் உயிர். எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை, மருந்து, கட்டு மாற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். சிகிச்சைக் குறிப்பில் "நாய்க்கடியால் ஏற்பட்ட காயம்" என்று மருத்துவரை எழுதித் தரச் சொல்லுங்கள். காயத்தின் படங்கள், நடந்த நேரம், பார்த்தவர்கள் பெயர், சிசிடிவி பதிவு எல்லாம் வேண்டும். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும், முதலில் அதை எடுத்து வையுங்கள். பிறகு ரசீது நகல்களோடு கீழ்வீட்டாருக்கு எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸோடு முடிந்துபோகும் வழக்குகள் நிறைய.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்றும் வேண்டும். அந்த நாய்க்கு உரிமம் இல்லை என்றால் 1913 எண்ணில் புகார் செய்யலாம்.

கீழ்வீட்டாருக்கும் இதைப் படிக்கிற நாய்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தில் இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் அவ்வளவு முக்கியமாகிறது. உடனே வாருங்கள். ஊசிப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். மருத்துவமனைக்குக் கூடவே போங்கள், செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படிச் செய்த வீடுகளுக்கு இடையே பகை வந்து நான் பார்த்ததில்லை.

அப்பா ஆசையாக வாங்கிய சிப்பிப்பாறை நாய், பக்கத்து வீட்டுப் பாட்டி வளர்த்த பூனையை அடித்துக் கொன்றுவிட்டது. வீட்டில் பூனை மாதிரி சாது. இது எப்படி? இனி என்ன செய்வது? (வாசகி, கோவில்பட்டி)

தப்பு செய்தது எங்கள் வீட்டு நாய் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டுகிற வேட்டை நாய்கள். மோப்பத்தைவிட அசைவுதான் அவற்றை உசுப்பும். தென்மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தவை. பார்ப்பது, குறிவைப்பது, துரத்துவது, கவ்வுவது, உதறுவது என்று எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடந்து முடிந்துவிடும். இதில் கோபமோ வெறியோ கிடையாது. மனிதரிடம் சாதுவாக இருப்பதற்கும் ஓடுகிற பூனையை அடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்குள் குட்டியிலிருந்து கூடவே வளர்ந்த பூனையை விட்டுவிட்டு, மதில்மேல் ஓடும் பூனையைத் துரத்தும் நாய்கள் உண்டு.

இதைப் பயிற்சியால் அடியோடு போக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்ப்பைக் குறைப்பதுதான் வழி. மதில் ஆறடியாவது இருக்கட்டும், பக்கத்தில் ஏறிக் குதிக்கத் தோதாகத் தொட்டியோ திண்ணையோ இருக்கக் கூடாது. இப்படி நடந்த வீடுகளில் பெரும்பாலும் கேட்டைத் திறக்கிற நொடியில்தான் நாய் வெளியே பாய்ந்திருக்கும். பால்காரர் வரும்போது, வண்டியை உள்ளே எடுக்கும்போது. அதனால் கேட்டுக்கு உள்ளே இன்னொரு சின்னக் கதவு போடுங்கள், ஒன்றைச் சாத்தாமல் இன்னொன்றைத் திறக்காதீர்கள். வெளியே கூட்டிப்போகும்போது கயிறு கட்டாயம். கூடை போன்ற வாய்மூடியை வீட்டிலேயே தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தண்ணீரும் குடிக்கும்.

இதற்காக நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடாதீர்கள். ஓடுவதற்கென்றே பிறந்த நாயை ஓடவிடாமல் கட்டினால் அவிழ்த்த அன்று இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். விடிகாலையில் மூடிய தோட்டத்தில் நன்றாக ஓடவிடுங்கள்.

அப்புறம், பாட்டியைப் போய்ப் பாருங்கள். அப்பாவும் வரட்டும். "நாய் குணம் அப்படி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் குணம் தெரிந்துதானே வாங்கினோம்? மன்னிப்புக் கேளுங்கள், மதிலை எப்படி உயர்த்தப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வேறு பூனைக்குட்டி வாங்கித் தருவதாக எடுத்த எடுப்பிலேயே பேச வேண்டாம்.

இரண்டு நாய்கள் கவ்விக்கொண்டால் எப்படிப் பிரிப்பது? (வாசகர், கோவை)

கழுத்துப் பட்டையைப் பிடிக்கவோ இடையில் கையை விடவோ கூடாது. அந்த வேகத்தில் உங்கள் நாயே உங்களைக் கடிக்கும். வாளித் தண்ணீரை முகத்தில் அடியுங்கள், போர்வையைத் தலைமேல் போடுங்கள், அகலமான பலகையை நடுவில் இறக்குங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைக்கருகே பிடித்து, தூக்கியபடி பின்னால் இழுக்கலாம். பல் பதிந்திருக்கும்போது மட்டும் இழுக்கக் கூடாது, தசை பிய்ந்துவிடும். கம்பால் அடிப்பது பெரும்பாலும் பிடியை இறுக்கவே செய்யும்.

பட்டியில் இருந்த ஆடுகளை ராத்திரியில் நாய்கள் கடித்துக் குதறிவிட்டன. தெருநாய் என்கிறார்கள். எனக்குப் பக்கத்துத் தோட்டத்து நாய்கள்மேல்தான் சந்தேகம். (விவசாயி, காங்கேயம்)

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கலாம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆடுகளை இழந்த விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடியதை நாடே பார்த்தது. ஆனால் ராத்திரியில் அவிழ்த்துவிடும் தோட்டத்து நாய்களும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும், விடிவதற்குள் திரும்பி வந்து வாசலில் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் அவற்றின் வாய், மார்பு, முன்னங்கால் முடியைப் பார்த்தால் ரத்தக் கறை இருக்கும்.

செத்த ஆடுகளைப் புதைத்துவிடாதீர்கள். முதலில் அரசு கால்நடை மருத்துவரை வரவழைத்துப் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்குத் தமிழக அரசு 2025இல் நிவாரணம் அறிவித்தது. அதற்கு விண்ணப்பிக்கவும், பக்கத்துத் தோட்டக்காரரிடம் நஷ்டஈடு கேட்கவும் அந்தச் சான்றுதான் அடிப்படை. உயிரோடு இருக்கும் ஆடுகளுக்கு 1962 எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியைக் கூப்பிடுங்கள். கடிபட்ட எல்லா ஆடுகளுக்கும் ரேபிஸ் ஊசி வேண்டும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறேன். அவை ஒரு வீட்டுப் பூனையைக் கொன்றுவிட்டன. என்னைப் பொறுப்பேற்கச் சொல்கிறார்கள். (வாசகி, திருச்சி)

சோறு வைப்பதால் மட்டும் நீங்கள் அந்த நாய்களின் உரிமையாளர் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதற்கு நீங்கள் பொறுப்பு. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று, ஒதுக்கப்பட்ட இடங்களில்தான் உணவு வைக்க வேண்டும் என்றது. கருத்தடையும் ஊசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், ரேபிஸ் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது. வீட்டு வாசல்களைவிட்டுத் தள்ளி வையுங்கள். இந்த நாய்களுக்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா என்று மாநகராட்சியிடம் கேளுங்கள், இல்லையென்றால் பிடிக்க வருகிறவர்களுக்கு உதவி செய்யுங்கள். உங்களிடம் பழகிய நாய்களைப் பிடிக்க உங்களால்தான் முடியும்.

எங்கள் நாயைக் கொன்ற நாய்க்கு விஷம் வைக்கலாம் என்கிறார் அண்ணன். (பெயர், ஊர் வேண்டாம்)

கூடவே கூடாது. முன்பு சொன்ன 325ஆம் பிரிவு அப்போது உங்கள் அண்ணன்மேல் பாயும், அதில் எண்ணத்தை நிரூபிக்கக் கஷ்டமே இருக்காது. அந்த இரையைத் தின்னப்போவது எந்த நாய், எந்தக் காக்கை, எந்தக் குழந்தை என்பதும் அவர் கையில் இல்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள்.

கடிபட்ட எங்கள் லாப்ரடாருக்குக் காயம் ஆறிவிட்டது. ஆனால் எந்த நாயைப் பார்த்தாலும் இப்போது பாய்கிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பயத்தில் பாய்கிறது. அதட்டினால், எதிரே நாய் வந்தால் அடியும் விழும் என்று சேர்த்து மனசில் பதிந்துவிடும். முதலில் வலி முழுசாகப் போய்விட்டதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு கடிபட்ட தெருவை விட்டு வேறு வழியில், நாய்கள் குறைவாக நடமாடும் நேரத்தில் கூட்டிப்போங்கள். தூரத்தில் ஒரு நாய் தெரிந்ததும், இது உறுமத் தொடங்குவதற்கு முன்பே பிடித்த தின்பண்டத்தைக் கொடுங்கள். அந்த நாய் கண்ணைவிட்டு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். தூரத்தை அவசரமில்லாமல், வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டு வாருங்கள். இதற்கிடையில் அதுவும் இன்னொரு நாயைக் கடித்துவிடலாம். அதனால் குட்டையான கயிறும் வாய்மூடியும் இல்லாமல் தெருவில் இறக்காதீர்கள்.