மீட்புப் பணிக்குப் போக விரும்பும் மகனைப் பற்றிக் கேட்ட தாய்க்கு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் படிக்கும் தங்கள் மகன், வெள்ளத்திலும் தீயிலும் சிக்கியவர்களைக் காப்பாற்றும் வேலைக்குத்தான் போவேன் என்று உறுதியாக நிற்பதாகவும், அவனைத் தடுப்பதா, அவன் போக்கில் விடுவதா என்று தெரியாமல் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலிச் சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலக வளாகமும் தண்ணீரில் நின்றதையும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், ஏறத்தாழ 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் முடங்கியதையும் அறிந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த விருப்பம் வருவது இயல்பே. அதைத் தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அந்தப் பணியின் எந்தப் பகுதி அவனுக்குப் பொருந்தும் என்பதை இப்போதே பார்த்தாக வேண்டும்.

முதலில், உறவினர் ஒருவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் ஓராண்டு ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ டிப்ளமோவுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நம் பகுதியில் இத்தகைய பயிற்சி மையங்கள் பல இருக்கின்றன. அவற்றின் சான்றிதழை எந்த அரசு அமைப்பு அங்கீகரிக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் தீயணைப்பாளர் பணிக்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம், இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் பணிகளோடு சேர்த்து நடத்தும் பொதுத் தேர்வில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் உடல் தகுதியும்தான் அடிப்படை. பட்டம் பெற்ற பிறகு நிலைய அலுவலர் தேர்வும், குரூப் 1 வழியாக மாவட்ட அலுவலர் பதவியும் அவனுக்குத் திறந்திருக்கும். அரக்கோணத்தில் முகாமிட்டுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு நேரடி ஆளெடுப்பு கிடையாது. மத்திய ஆயுதப் படைகளில் சேர்ந்தவர்களே அயற்பணியாக அங்கு அனுப்பப்படுகிறார்கள்.

ஆற்றங்கரையில் வளர்ந்த பிள்ளை, நன்றாக நீந்துவான் என்று எழுதியிருக்கிறீர்கள். குளத்தில் நீந்துவது வேறு, ஓடும் வெள்ளத்தில் ஒருவரை மீட்பது வேறு. முதலில் கரையில் நின்றபடி கம்பையோ துணியையோ எட்டிக் கொடுப்பது, எட்டாவிட்டால் கயிற்றை எறிவது, அதுவும் முடியாதபோது படகில் செல்வது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் உயிர்காப்பு அங்கியோடும் பயிற்சியோடும் நீரில் இறங்குவது என்ற வரிசையைத்தான் மீட்புப் பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். துணிச்சலை மட்டும் நம்பி இறங்கியவரையும் சேர்த்து மீட்க வேண்டிய நிலை வந்துவிடக்கூடாது என்பதுதான் காரணம். பதினெட்டு வயது நிரம்பியதும் ‘ஆப்த மித்ரா’ தன்னார்வலர் பயிற்சி எப்போது நடக்கிறது என்று மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் விசாரியுங்கள். முன்பு அது பன்னிரண்டு நாள் பயிற்சியாக நடந்தது. இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதை அவனே அதில் ஓரளவு கண்டுகொள்வான்.

இனி, பெற்றோர் அதிகம் கேட்காத, ஆனால் நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைக்கும் துறைக்கு வருகிறேன். வெள்ளம் வடிந்த பிறகும் உயிர்கள் போவதுண்டு. வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் டெங்குவும் அதற்குப் பிறகே தலைதூக்குகின்றன. சேறு புகுந்த கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது (ஆயிரம் லிட்டருக்குத் தரமான தூள் சுமார் 2.5 கிராம் என்பது பொது அளவு, கலங்கிய நீருக்குச் சோதித்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும்), ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று குளோரோஸ்கோப்பில் பார்ப்பது, முகாமாக மாறிய பள்ளிக்கூடத்தில் இருபது பேருக்கு ஒரு கழிப்பறையும், ஒருவருக்கு நாளொன்றுக்குப் பதினைந்து லிட்டர் தண்ணீரும், மூன்றரை சதுர மீட்டர் இடமும் என்ற ‘ஸ்ஃபியர்’ பன்னாட்டுக் குறைந்தபட்ச அளவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்று கணக்கெடுப்பது ஆகிய அனைத்தும் மீட்புப் பணிதான். நிவாரணத்துக்குக் குறைந்தபட்சத் தர அளவுகள் வகுக்கப்பட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 12ஆம் பிரிவிலேயே சொல்கிறது. அந்த அளவுகள் களத்தில் நடைமுறைக்கு வர, கணக்கெடுக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். படகில் வந்தவரை ஊரே நினைவில் வைத்துக்கொள்ளும், குளோரின் பார்த்தவரை யாரும் நினைவில் வைப்பதில்லை. அவரால் நோயின்றித் தப்பியவர்கள் எத்தனையோ பேர்.

உயிரியல் படித்த உங்கள் மகனுக்கு இங்கே வழி நேராக இருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டுப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் பயிற்சி முடித்தவர்கள், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே சுகாதார ஆய்வாளர் ஆகலாம். பத்தாம் வகுப்பில் தமிழ் படித்திருப்பது அவசியம். பட்டம்தான் வேண்டுமென்றால், நீட் இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேரும் துணை மருத்துவப் படிப்புகளில் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் இருக்கிறது. அதற்குப் பிறகு பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை படித்தால் நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் பணிகளுக்குச் செல்லலாம்.

“பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்து மனம் உடைந்துவிடுவானோ” என்ற உங்கள் அச்சத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. சடலங்களை மீட்டவர்களுக்கும், கையுறையோ பூட்ஸோ இல்லாமல் சாக்கடை நீரில் நின்ற தூய்மைப் பணியாளர்களுக்கும் உறக்கமின்மை, எரிச்சல், திரும்பத் திரும்ப வரும் காட்சிகள் எல்லாம் ஏற்படுவதுண்டு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அவை தணிகின்றன. ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நேர்ந்ததை உடனே அனைவர் முன்னும் சொல்லவைக்கும் ஒருமுறைக் கூட்டம் பயன் தருவதில்லை என்பதால் உலகச் சுகாதார அமைப்பு அதைப் பரிந்துரைப்பதில்லை. முறைவைத்து ஓய்வு, சூடான உணவு, கூடவே ஒரு துணை, கேட்டால் பேச ஓர் ஆள் என்பவைதான் உதவுகின்றன. எலிக்காய்ச்சலைத் தடுக்க, வெள்ள நீரில் நிற்பவர்களுக்கு மருத்துவர் சொல்லும் முறைப்படி வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் தருவதும், டெட்டனஸ் ஊசி போடுவதும் அதே அளவு முக்கியம். ஆகவே மகன் எந்த அமைப்பில் சேர்ந்தாலும், ஒரு ஷிப்ட் எத்தனை மணி நேரம், காப்பீடு உண்டா, பேரிடர் முடிந்த பிறகு பணியாளரைக் கவனிப்பவர் யார் என்று சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள். ஆபத்து இல்லாத வேலையைத் தேடுவதைவிட, ஆபத்தை மதிக்கும் அமைப்பைத் தேடுவதே அவனைப் பாதுகாக்கும்.

இப்போதைக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் அவன் மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்ததும் ஒருநாள் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும், இன்னொரு நாள் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அவனை அழைத்துச் சென்று, அங்கு பணிபுரிவோரோடு அவனையே பேசவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மூன்றையும் இப்போதே எடுத்துவையுங்கள். துணை மருத்துவப் படிப்பு விண்ணப்பத்துக்குக் கால அவகாசம் குறைவாகவே இருக்கும்.