சோழிங்கநல்லூரில் வேலை, மூட்டுவலியோடு அம்மா: சென்னையில் எந்தப் பகுதியில் குடியேறுவது?

கேள்வி: எனக்கு வயது 38. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன்; பிடித்தம் போக மாதம் 52,000 ரூபாய் கைக்கு வருகிறது. சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு நிறுவனம் 80,000 ரூபாய் தர முன்வந்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வந்தால் போதும் என்கிறார்கள். மார்ச்சில் சேர வேண்டும். மனைவி இங்கே ஒரு பள்ளியில் 16,000 ரூபாய் சம்பளத்தில் ஆசிரியை. மகன் ஐந்தாம் வகுப்பு. உடன் இருக்கும் அம்மாவுக்கு 67 வயது, மூட்டுவலி உண்டு. இருப்பது சொந்த வீடு. வாடகைக்கு விட்டால் 9,000 ரூபாய் வரும். நண்பர் நாவலூரைச் சொல்கிறார். மைத்துனர், மேடவாக்கத்தில் கடன் போட்டு ஃபிளாட்டே வாங்கிவிடு என்கிறார். மனைவியின் அக்கா குடும்பம் குரோம்பேட்டையில் இருக்கிறது. போகலாமா? போனால் எங்கே? வாடகைக்கு 20,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும்.

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், சொந்த வீட்டுக் கணக்கு என்று வரும்போது பலரும் சம்பள உயர்வை மட்டும் கூட்டிவிட்டுக் கழிக்க வேண்டியதை மறந்துவிடுகிறார்கள். உங்களுக்குக் கூடுவது 28,000. மனைவிக்கு அங்கே வேலை கிடைக்கும்வரை அவருடைய 16,000 நிற்கும், மிச்சம் 12,000. வாடகை 20,000, அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புத் தொகை ஒரு 2,500 என்று வைத்தால், இப்போது இருப்பதைவிட மாதம் 10,500 ரூபாய் குறைவாகத்தான் கையில் நிற்கும். வீட்டு வாடகைப் படியில் வரிச் சலுகை கிடைக்குமே என்று யாராவது சொன்னால், அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள். அந்த முறையில் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், மதுரைக்கு 40 சதவீதம் என்று உச்சவரம்பில் வித்தியாசம் உண்டு. புதிய முறையில் அந்த விலக்கே கிடையாது.

ஆகவே முதல் ஆண்டில் இந்த இடமாற்றம் உங்களுக்கு லாபம் தராது, செலவுதான் வைக்கும். இருந்தாலும் போகலாம் என்பதே என் கருத்து. 38 வயதில், இப்போதைய சம்பளத்தைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகத் தரும் வேலை மதுரையிலேயே தேடி வருவது அரிது. மனைவிக்கு வேலை அமைந்துவிட்டால் இரண்டாம் ஆண்டில் கணக்கு நேராகிவிடும். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் நிறுவனத்திடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 80,000 என்பது மாதந்தோறும் வரும் நிலையான தொகையா, ஆண்டு ஊக்கத்தொகையைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்துச் சொன்னதா என்பது ஒன்று. வாரம் மூன்று நாள் என்பது பணி நியமனக் கடிதத்தில் இருக்கிறதா, நேர்காணலில் வாய்வார்த்தையாகச் சொன்னதா என்பது மற்றொன்று. நான் கீழே சொல்லப்போகும் இடம் இந்த மூன்று நாளை நம்பித்தான் நிற்கிறது.

இனி பகுதிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நண்பரும் மைத்துனரும் சொன்ன இடங்கள் இரண்டும் உங்கள் அலுவலகத்தை வைத்துச் சொன்னவை. நான் வேறு விதமாகப் பார்க்கச் சொல்வேன். அலுவலகம் போகிறவர் வாரத்தில் மூன்று நாள், காலையும் மாலையும் அந்த ஊரின் சாலையில் இருக்கிறார். அம்மாவோ நாள் முழுவதும், வாரம் ஏழு நாளும், அந்தத் தெருவிலேயே இருக்கிறார். வேலை மாறலாம், நிறுவனமே வேறு கட்டடத்துக்குப் போகலாம். அம்மாவின் முழங்கால் மாறப்போவதில்லை. எனவே வீட்டில் இருப்பவரை வைத்துப் பகுதியை முடிவு செய்துவிட்டு, வேலைக்குப் போகிறவர் அதற்கேற்பப் பயணத்தை அமைத்துக்கொள்வதே சரி.

அப்படிப் பார்த்தால் நாவலூர் அடிபட்டுப்போகிறது. அது இருக்கும் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பெரிய குடியிருப்புகளில் லிஃப்ட், காவலாளி, பூங்கா எல்லாம் இருக்கும். ஆனால் வாயிலைத் தாண்டி அம்மா தனியாக நடந்துபோய்க் கீரை வாங்கவோ, கோயிலுக்குப் போய்விட்டு வரவோ அந்தச் சாலை தோதுப்படாது. தவிர, அங்குள்ள குடியிருப்புகளில் கணிசமானவை ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பியிருப்பவை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தக் கோடையில் ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் சில, தண்ணீர் இல்லாததால் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதும் உண்டு. நெம்மேலியில் இப்போது இரண்டு கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆனாலும் நீங்கள் பார்க்கும் குறிப்பிட்ட கட்டடத்துக்குக் குழாய் இணைப்பு வந்துவிட்டதா என்பதுதான் உங்களுக்குக் கேள்வி.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு நேர்ச்சாலை உண்டு. கடைகள், மருத்துவமனைகள் எல்லாம் வந்துவிட்டன. குறை என்னவென்றால் ரயில் இல்லை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் தடம் மேடவாக்கம் வழியாகத்தான் வருகிறது என்று மைத்துனர் சொல்லியிருப்பார், உண்மைதான். அது ஓடத் தொடங்கியதும் மேடவாக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம். வரைபடத்தில் மட்டும் ஓடுகிற ரயிலுக்கு இன்றைக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. வாங்குவது பற்றி ஒரே வரி: ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பார்க்காத பகுதியில் வீடு வாங்காதீர்கள். திருவான்மியூரை நீங்கள் குறிப்பிடவில்லை. உங்கள் 20,000 ரூபாய்க்கு அங்கே மனத்துக்குப் பிடித்த வீடு அமைவது கடினம்.

நான் சொல்வது குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் சானடோரியம் வரையிலான பகுதி, அதிலும் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரம். பழைய ஊர் என்பதால் மருந்துக்கடை, பூக்கடை, மாவு அரைக்கும் இடம் என்று எல்லாம் தெருவுக்குள்ளேயே இருக்கும். மனைவியின் அக்கா அங்கேயே இருப்பது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய வசதி. இரவில் அம்மாவுக்கு ஒன்று என்றால் பத்து நிமிடத்தில் வந்து நிற்க ஓர் ஆள் இருப்பதற்கு வாடகை எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வைகை, பாண்டியன் ரயில்கள் தாம்பரத்தில் நிற்கின்றன. தென்மாவட்டப் பேருந்துகள் புறப்படும் கிளாம்பாக்கமும், குரோம்பேட்டை, தாம்பரம் வழியாகப் போகும் அதே ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில்தான். ஊருக்குப் போக அம்மாவை எழும்பூர் வரை அலைக்கழிக்க வேண்டாம். குமரன்குன்றம் முருகன் கோயிலும் குரோம்பேட்டையில்தான். படி ஏற வேண்டும் என்பதால் அதை அம்மாவிடம் ஒரு கவர்ச்சியாகச் சொல்ல வேண்டாம்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை உங்கள் பயணம்தான். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை வழியாகவோ, தாம்பரம் போய் மேடவாக்கம் வழியாகவோ, காலை நெரிசலில் சோழிங்கநல்லூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. வாரம் மூன்று நாள் என்றால் தாங்கலாம். ஐந்து நாள் ஆக்கிவிட்டால் மறுபரிசீலனை செய்ய வேண்டியதுதான்.

குரோம்பேட்டை என்று சொன்னதும் அங்கே எந்தத் தெருவிலும் வீடு எடுக்கலாம் என்று பொருளல்ல. நீங்கள் கண்மாய் என்பதைச் சென்னையில் ஏரி என்பார்கள். இரண்டுக்கும் நேர்ந்த கதி ஒன்றே. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரி இல்லை. 2024 அக்டோபரில் செல்லூர் கண்மாய் நிரம்பித் தெருக்களுக்குள் வந்ததைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். சென்னையின் தெற்குப் புறநகரில் 2015 டிசம்பரில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் படகு விட்டார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்றால் அந்த மக்களின் அனுபவம் எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். நான் சொல்லும் பகுதியிலும் சிட்லபாக்கம், செம்பாக்கம் என்று ஏரிகள் உண்டு. தெருவுக்குத் தெரு நிலைமை மாறும்.

ஏப்ரல், மே மாதங்களில் வீடு பார்ப்பவருக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை கண்ணில் படும், வெள்ளம் படாது. அதைச் சுவரில்தான் தேட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உறவினருக்காகத் தாம்பரம் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். புதிதாக வெள்ளையடித்து, தரையெல்லாம் பளபளவென்று இருந்தது. வாடகையும் அந்தத் தெருவின் மற்ற வீடுகளைவிடக் குறைவு. வெளியே வரும்போதுதான் மின்சார மீட்டர் பெட்டி என் தலைக்கு மேல் இருப்பதையும், அதற்கு மூன்றடி கீழே பழைய பெட்டியை எடுத்த இடத்தில் நான்கு ஆணித் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருப்பதையும் கவனித்தேன். எதிர்ப்புறம் இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். வீட்டுத் தரகர் அந்த வீட்டைப் பற்றி இருபது நிமிடம் பேசியிருந்தார்.

ஆகவே மீட்டர் பெட்டியின் உயரத்தைப் பாருங்கள். இரும்புக் கதவில் துரு ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் நிற்கிறதா என்று பாருங்கள். சாலையைப் போட்டுப் போட்டு உயர்த்தியதில் வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கு, குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளை உப்பு படிந்திருக்கிறதா, கையில் சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்தாலே போதும். பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு உண்டு. குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். அதனால் குடிக்கவும் சமைக்கவும் மாநகராட்சிக் குழாய் நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை எதிர்வீட்டுப் பெண்மணியிடம் கேளுங்கள், உரிமையாளரிடம் அல்ல. பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்குத் தரைத்தளம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தெற்குப் புறநகரில் அது ஆபத்து. கீழே வண்டி நிறுத்துமிடம் விட்டு மேலே கட்டிய கட்டடத்தில், லிஃப்ட்டோடு முதல் தளம் பாருங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள். பல இடங்களில் அது மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் மட்டும்தான் ஓடும். லிஃப்ட்டுக்கு இணைப்பு உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். மழை நாளில் மின்சாரம் நின்றால், முதல் தளம் என்றால் பதினெட்டோ இருபதோ படி, எப்படியோ இறங்கிவிடலாம். நான்காம் தளம் என்றால் அம்மா வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போவார்.

மனைவியின் வேலையையும் மகனின் பள்ளியையும் தனித்தனியாகத் தேடாதீர்கள். தனியார் பள்ளிகள் அடுத்த ஆண்டுக்கான ஆசிரியர்களைப் பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை எடுக்கின்றன. ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை தரும் பள்ளிகள் பல உண்டு. மகன் ஆறாம் வகுப்புக்குப் போகும் ஆண்டு என்பது பள்ளி மாறத் தோதான கட்டம். அந்த ரயில் தடத்தில் பள்ளிகளுக்குக் குறைவில்லை என்பதால் மனைவி இப்போதே விண்ணப்பிக்கத் தொடங்கட்டும். அவருக்கு எந்தப் பள்ளியில் அமைகிறதோ அதை ஒட்டி வீடு பார்த்தால் ஒரு முடிவில் மூன்று வேலை முடியும். அதுவரை, மார்ச்சில் நீங்கள் மட்டும் போய் ஒரு விடுதியில் தங்கிக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்து மே கடைசியில் குடும்பம் வரட்டும்.

வீட்டு உரிமையாளர் ஆறு மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கேட்டால் திகைக்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்; சண்டை போடாதீர்கள். மின்கட்டணத்தை மின்வாரிய அட்டைப்படி கட்டுவதா, உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வைத்த விலையிலா, காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று எவ்வளவு பிடிப்பார் என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். "நீங்க வெஜிடேரியனா?" என்று முதல் கேள்வியாகவே கேட்பவர்களும் இருப்பார்கள், மதுரைக்காரர்களுக்குக் கோபம் வரும், ஆனால் அந்தக் கேள்வி முன்பணம் கொடுத்த பிறகு வராமல் முன்பே வந்ததே என்று அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள்.

கடைசியாக, மதுரை வீட்டை வாடகைக்கு விடும் விஷயம். தை மாதம் வரை விடாதீர்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதத்துக்கு 63,000 ரூபாய் வராமல் போகும். மேலே போட்ட கணக்கில் அந்த 9,000 ரூபாயை நான் சேர்க்காததற்கும் இதுவே காரணம். ஒரு வடகிழக்குப் பருவமழையை அந்தத் தெருவில் இருந்து பார்த்து, அம்மாவுக்கு அந்த ஊர் ஒத்துக்கொண்டதா என்று தெரிந்த பிறகு பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வாடகைக்கு ஆள் பாருங்கள். அதுவரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.