அச்சடித்தது வேறு அச்சகம், நோட்டீஸ் வந்தது எனக்கு

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். பாக்கித் தகராறில் ஒரு வார இதழுக்கு அச்சடிப்பதைச் சென்ற ஆண்டு நிறுத்திவிட்டேன். இப்போது வேறு இடத்தில் அச்சடிக்கிறார்கள். ஆனாலும் கடைசிப் பக்கத்தில் என் அச்சகப் பெயரே வருகிறது. போன மாத இதழில் வந்த செய்திக்காக எனக்கும் அவதூறு நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அச்சகப் பெயர் வரும் அந்த வரியை முதலில் சொல் சொல்லாகப் படியுங்கள். ‘அச்சிட்டு வெளியிடுபவர்’ என்று இதழ்க்காரர் பெயரும், அச்சிட்ட இடமாக மட்டும் உங்கள் அச்சகமும் இருந்தால் கவலை குறைவு. அச்சிடுபவராக உங்கள் பெயரே இருந்து, பழைய 1867 ஆம் ஆண்டுப் பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டப்படி மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழியிலும் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். விலகியதை நீங்கள்தான் காட்ட வேண்டிவரும்.

அவதூறானது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அச்சடிப்பவருக்குத்தான் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 356(3) பிரிவு பொருந்தும். தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். அச்சடிக்காத ஒருவரை அது தொடாது. ஆனால் வாய்ச்சொல் போதாது. அவர்களுக்குப் போட்ட கடைசி ஜிஎஸ்டி பில், வேலைப் பதிவேடு, அச்சுத் தகடு (பிளேட்) வாங்கிய ரசீது, உங்களிடம் அச்சான கடைசி இதழ், வழக்குக்குரிய இதழில் இரண்டு பிரதி எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். குற்ற வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு, நட்ட ஈட்டு வழக்குக்கு ஓராண்டு. அதுவரை எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள்.

அதே நாளில் வெளியீட்டாளருக்குப் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள்: எந்தத் தேதியோடு அச்சடிப்பதை நிறுத்தினீர்கள், அடுத்த இதழிலிருந்து உங்கள் பெயர் வரக்கூடாது, திருத்தம் வெளியிட வேண்டும். பெரும்பாலும் லேஅவுட் செய்பவர் போன வார ஃபைலைத் திறந்து செய்தியை மட்டும் மாற்றுவார்; அடிவரி அப்படியே தங்கிவிடும். அதனால் இதழில் திருத்தினால் மட்டும் போதாது. 1.3.2024 முதல் நடப்பில் உள்ள 2023 ஆம் ஆண்டுப் பருவ இதழ்கள் பதிவுச் சட்டப்படி பதிவு விவரத்தையும் வெளியீட்டாளர் பிரஸ் சேவா இணையதளத்தில் திருத்த வேண்டும். அவர் செய்வார் என்று காத்திராமல், கடித நகலை மாவட்ட ஆட்சியருக்கும் டெல்லியில் உள்ள பத்திரிகைப் பதிவுத் தலைமையகத்துக்கும் நீங்களே அனுப்புங்கள்.

பாக்கித் தொகையை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். கலந்தால், பணத்தகராறில் கிளப்பிய புகார் என்று தட்டிக்கழிக்க வழியாகும். அதற்குத் தனி நோட்டீஸ் விடுங்கள்.