பைகிளிப்பர்: வீலில் பாதி, முழு எண்ணில் மீதி

படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் (ஓசிஆர்) பேடில்ஓசிஆரை நிறுவும்போது பைகிளிப்பரில் வந்து நின்றுவிடுகிறது. ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை’ என்கிறது. நான் கேட்டது ஓசிஆர்தானே?

எழுத்து இருக்கும் இடத்தைப் பேடில்ஓசிஆரின் மாடல் சற்று ஒடுக்கித்தான் காட்டும். அதைச் சுற்றிலும் விரிக்கப் பைகிளிப்பர் வேண்டும். ஆங்கஸ் ஜான்சன் சி++-இல் எழுதிய, பலகோணங்களை வெட்டவும் விரிக்கவும் சுருக்கவும் உதவும் கிளிப்பர் 6.4.2-ஐப் பைத்தானுக்குக் கொண்டுவரும் லைப்ரரி அது. உங்கள் பைத்தான் பதிப்புக்கு வீல் (ஏற்கெனவே கம்பைல் செய்த பொட்டலம்) இருந்தால், பைத்தானின் நிறுவியான பிப் அப்படியே இறக்கிப் போட்டுவிடும். இல்லையென்றால் சோர்ஸை இறக்கி, உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். இடிப்பது அங்கேதான். பைத்தானின் புதுப் பதிப்பை வந்த சூட்டோடு போட்டவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள். முதலில் பிப்பை அப்டேட் செய்யுங்கள். நகரவில்லையா, ஒரு பதிப்பு பழைய பைத்தானில் தனி வென்வ் (மற்றதைத் தொடாத தனிச் சூழல்) போடுங்கள். அந்தப் பிழை கேட்கும், பல ஜிபி பிடிக்கும் பில்ட் டூல்ஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

உபுண்டுவில் பில்ட் செய்தால் ‘பைத்தான்.ஹெச்’ இல்லை என்கிறது.

ஏபிடி மூலம் பைத்தான்3-டெவ், பில்ட்-எசென்ஷியல் இரண்டையும் போடுங்கள். அவ்வளவுதான்.

கிட்ஹப்பிலிருந்து ஜிப்பாக இறக்கி பில்ட் செய்தேன். பதிப்பு எண் தெரியவில்லை என்று நிற்கிறது.

பதிப்பு எண்ணை செட்அப்டூல்ஸ்-எஸ்சிஎம் என்ற பில்ட் கருவி கிட் டேக்கிலிருந்து எடுக்கிறது. ஜிப்பில் கிட் வரலாறே கிடையாது. கிட் குளோன் செய்து, அந்த ஃபோல்டருக்குள் ‘பிப் இன்ஸ்டால் .’ கொடுங்கள். கோடைத் திருத்தப்போவதில்லை என்றால் இந்த வேலையே வேண்டாம்.

0.8 பக்கமுள்ள சதுரத்தைக் கொடுத்தால் ‘பாத் இன்வேலிட்’ (புள்ளிவரிசை செல்லாது) என்கிறது. சதுரத்தில் என்ன கோளாறு?

சதுரத்தில் ஒன்றுமில்லை. கிளிப்பர் முழு எண்ணில்தான் கணக்குப் போடும். தசமம் வெட்டுப்பட்டு 0.8 என்பது 0 ஆகிவிடுகிறது. நான்கு முனையும் ஒரே புள்ளியில் விழுந்தால் பலகோணம் ஏது? சதுரம் 10.8 என்றிருந்தால் பிழையே வராமல் 10 ஆகியிருக்கும். அதுதான் இன்னும் ஆபத்து. உள்ளே போகும்போது பெருக்குங்கள், வெளியே வரும்போது வகுங்கள். ஸ்கேல்_டு_கிளிப்பர், ஸ்கேல்_ஃப்ரம்_கிளிப்பர் இருப்பது இதற்குத்தான். ஆஃப்செட் தூரத்தையும் (வடிவத்தை விரிக்கும் அல்லது சுருக்கும் தூரம்) அதே அளவால் பெருக்க மறக்காதீர்கள்.

பெருக்கினேன். இப்போது 5 மிமீ ஆஃப்செட்டுக்கே மெமரி திணறுகிறது!

முனைகளை வளைவாக்கும் ஜேடி_ரவுண்ட் போட்டிருப்பீர்கள். ஸ்கேல்_டு_கிளிப்பர் தானாக எடுப்பது 2-இன் 31-ஆம் அடுக்கு. ஆர்க் டாலரன்ஸ் (வளைவில் பொறுத்துக்கொள்ளும் பிசகு) தானாக எடுக்கும் 0.25 என்பதோ மிமீ அல்ல, பெருக்கிய பிறகான அலகு. இரண்டும் சேர்ந்தால், ஒரு சதுரத்தின் நான்கு வளைந்த முனைகளுக்கே சுமார் 4.6 லட்சம் புள்ளிகள் வரும். மிமீ வரைபடத்துக்கு 1000 பெருக்கமே தாராளம். அதிலேயே புள்ளிகள் 314 ஆகிவிடும். டாலரன்ஸை 10 ஆக்கினால், அதாவது நிஜத்தில் 0.01 மிமீ பிசகைப் பொறுத்துக்கொண்டால், 50 போதும். 3டி பிரின்டருக்கோ லேசர் வெட்டுக்கோ இதற்கு மேல் கேட்பது வீண் பிடிவாதம்.

மைனஸ் ஆஃப்செட் கொடுத்தால் சில வடிவங்களுக்குக் காலி லிஸ்ட் வருகிறது. பக்தானே?

பக் இல்லை. 8 மிமீ அகலப் பட்டையை இருபுறமும் 5 மிமீ உள்ளே தள்ளினால் மிச்சம் என்ன இருக்கும்? நடுவில் ஒடுங்கிய வடிவம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பாத்தாகவும் வரலாம். முடிவின் [0]-ஐ மட்டும் எடுக்கும் கோடு இரண்டு இடத்திலும் உதை வாங்கும். லூப் போட்டே எடுங்கள்.