வேலியோரத்து உன்னிச்செடி போகவே மாட்டேன் என்கிறதே!

கேள்வி: தாளவாடி பக்கம் காட்டை ஒட்டி எங்களுக்கு நிலம் இருக்கிறது. வேலியோரம் முழுக்க முள்செடி, ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸும் கலந்து பூக்கிறது. வருஷாவருஷம் வெட்டிக் கொளுத்தினாலும் முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. என்ன செய்வது? ஆடு மாடு தின்றால் ஆபத்தா?

பதில்: உன்னிச்செடிதான் அது, லான்டானா என்றும் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் இளந்தண்டை விரலால் தடவிப் பாருங்கள், உருண்டையாக இல்லாமல் நாலு பட்டையாக இருக்கும். இலை சொரசொரப்பாக, கசக்கினால் நெடி அடிக்கும், பச்சைக் காய் பழுத்தால் கறுத்துவிடும். அமெரிக்கக் கண்டத்துச் செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இங்கே கொண்டுவந்தார்கள், இன்றைக்கு முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர் காடுகளில் மானும் காட்டெருமையும் மேய வேண்டிய புல்லை முளைக்கவிடாமல் புதராக அடைத்துக்கொண்டு நிற்கிறது.

நீங்கள் வெட்டுவதுதான் பிரச்சினையே. தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறவரை, மேலே ஒன்றை வெட்டினால் அங்கிருந்து பல கிளை வெடிக்கும். கொளுத்தினாலோ சுற்றியிருக்கிற மற்ற செடிகள் கருகி, இதற்கு வெயிலும் இடமும் தாராளமாகக் கிடைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் சொன்ன முறை எளிது, செலவும் குறைவு: மண்ணுக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே, அந்தக் கழுத்துக்கு அடியில் வேரை வெட்டி, செடியைத் தூக்கி அதே இடத்தில் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. நேராகப் போட்டால் மறுபடி வேர்விட்டுவிடும். மழை பெய்து மண் இளகியதும், காய் பிடிக்கும் முன்பே செய்துவிடுங்கள். களைக்கொல்லி அடிக்க வேண்டாம், பக்கத்திலேயே காடு இருக்கிறது.

அப்புறம், ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள். மைனாவும் கொண்டைக்குருவியும் பழத்தைத் தின்றுவிட்டு வந்து உட்காரும் மரங்களுக்கு அடியில், ஓடைக்கரையில் புதுக்கன்று கண்டிப்பாக முளைக்கும், அதைச் சின்னதிலேயே கையால் பிடுங்கிவிடலாம். காலியான இடத்தைச் சும்மா போடாமல் உங்கள் பகுதிப் புல்விதையைத் தூவுங்கள்.

ஆடு மாடுகளுக்கு இந்த இலை விஷம், ஈரலைக் கெடுக்கும். பசுந்தீவனம் கிடைக்காத கோடையில்தான் பெரும்பாலும் இதில் வாய் வைக்கும். தீனி எடுக்காமல், சாணம் இறுகி, கண் மஞ்சளாகி, வெயில் பட்ட மூக்கும் காதும் புண்ணானால் உடனே நிழலில் கட்டிவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், கைவைத்தியம் பார்த்துத் தாமதிக்க வேண்டாம்.