போன் இங்கே தயாராகிறது, உள்ளே இருப்பது யாருடையது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஸ்ரீபெரும்புதூரில் இவ்வளவு செல்போன் தயாராகிறதே, இன்னும் ஏன் உள்ளூர்த் தொழில் வளரவில்லை என்கிறார்கள்? (பல்லாவரம் வாசகர்)

ஏற்றுமதிக் கணக்கில் ஏறுவது போனின் முழு விலை. இங்கே தங்குவது கூலி, மின்சாரம், அட்டைப்பெட்டி, சில உதிரிபாகங்கள் என்று அதில் ஒரு பகுதிதான். சிப், திரை, கேமரா எல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்றன. 2020 ஏப்ரலில் வந்த, உற்பத்திக்கு ஏற்ப ஊக்கத்தொகை தரும் மத்திய அரசின் பி.எல்.ஐ. திட்டம், கூடுதல் விற்பனை மீது 4 முதல் 6 சதவீதம் ஊக்கத்தொகை என்று வைத்தது. அதன் அளவுகோல் விற்பனை. உள்ளே எவ்வளவு நம்முடையது என்று அது கேட்கவில்லை. ஆலைகளை வரவழைக்க அது உதவியது, அந்த மட்டில் நல்ல வேலை. ஆனால் பாகங்களைப் பொருத்துவது மட்டுமே நடக்கும் ஆலை, வந்த வேகத்தில் கிளம்பிவிடலாம். 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அதை நம்பியிருந்த பல யூனிட்டுகளுக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை.

2025 மார்ச்சில் மத்திய அரசு 22,919 கோடி ரூபாயில் உதிரிபாக உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதற்கு ஈடான மானியத்தைத் தமிழக அரசும் அறிவித்தது. இது சரியான திசை. இதில் சேரும் சிறு நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: விற்றுமுதலில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வரவிடாதீர்கள்.

வெளிநாட்டுச் சரக்குக்கு வரியைக் கூட்டினால் போதாதா? (திருவொற்றியூர் வாசகர்)

போதாது. தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தத்தில் 1997-ல் சேர்ந்ததால், கணினி உள்ளிட்ட பல பொருள்களுக்கு நாம் வரியைப் பூஜ்யமாக்க வேண்டியிருந்தது. மூலப்பொருள்கள் பலவற்றுக்கு வரி அப்படியே நின்றது. முழுப்பொருளாக 100 ரூபாய்க்கு வரியின்றி இறங்கும் ஒரு பொருளை நீங்கள் இங்கே செய்கிறீர்கள் என்று வையுங்கள். அதற்கான 60 ரூபாய் தாமிரம், பிளாஸ்டிக், காந்தப் பொருளுக்கு 7.5 சதவீதம் வரி என்றால் 4.50 ரூபாய். 5 ரூபாய் லாபம் நிற்கும் தொழிலில் அது ஏறக்குறைய மொத்த லாபம். தலைகீழ் வரி என்பது இதைத்தான். முதலில் சரிசெய்ய வேண்டியதும் இதையே.

பாதுகாப்பு வரி தேவைப்படும் இடங்களும் உண்டு. அதற்கு முடிவுத் தேதி வேண்டும், அந்தத் தேதி முதல் நாளே எல்லாருக்கும் தெரிய வேண்டும். பிரேசில் 1984-ல் சட்டம் போட்டுக் கணினிச் சந்தையை உள்ளூர் நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. பழைய தொழில்நுட்பத்தை அதிக விலைக்கு வாங்கும் நிலைதான் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்நாடே அதைக் கைவிட்டது.

அம்பத்தூரில் நெட்வொர்க் கருவி செய்கிறோம். அரசு டெண்டரில் உள்ளூர் முன்னுரிமை உண்டென்கிறார்கள், எங்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. எங்கே தவறு?

இந்த வாரக் கடிதங்களில் முக்கியமான கேள்வி இதுதான். இளம் நிறுவனத்துக்கு மானியத்தைவிட முதல் ஆர்டர்தான் உயிர்.

2017-ன் மேக் இன் இந்தியா கொள்முதல் ஆணைப்படி, உள்ளூர் மதிப்பு 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு உள்ளூர் சப்ளையர். 20 முதல் 50-க்குள் இருந்தால் இரண்டாம் வகுப்பு. விலை முன்னுரிமை முதல் வகுப்புக்கு மட்டும். உங்கள் கருவியின் விலை, உள்நாட்டு வரி நீங்கலாக, 8,000 ரூபாய் என்போம். அதில் இறக்குமதிப் பாகங்கள், சுங்க வரியையும் சேர்த்து, 3,600 ரூபாய். மீதி 4,400, அதாவது 55 சதவீதம். முதல் வகுப்பு.

பலர் சறுக்குவது இந்தக் கணக்கில்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கிய சிப் உள்ளூர்ப் பொருள் ஆகிவிடாது. இறக்குமதிச் சரக்கை இங்குள்ள விநியோகஸ்தரிடம் வாங்கினாலும் அது இறக்குமதிதான். தவறான உறுதிமொழி தந்தால் இரண்டு ஆண்டு வரை டெண்டரிலிருந்து விலக்கி வைக்கலாம். 10 கோடிக்கு மேற்பட்ட கொள்முதலுக்குத் தணிக்கையாளர் அல்லது செலவுக் கணக்காளர் சான்றிதழ் வேண்டும். பாகம்வாரியாகப் பில்லும், எந்த நாட்டில் தயாரானது என்ற விவரமும் இப்போதே கோப்பில் இருக்கட்டும். சில பொருள்களுக்கு அமைச்சகம் தனிக் கணக்கு முறை அறிவித்திருக்கும். டெண்டர் ஆவணத்தில் அதைத் தேடுங்கள்.

அடுத்தது விலை. முதல் வகுப்பில் வராத ஒருவர் 7,000 ரூபாய் என்று எல்லாரையும்விடக் குறைந்த விலை சொல்லியிருந்தால், அதற்கு மேல் 20 சதவீதம், அதாவது 8,400 வரை கேட்டிருக்கும் முதல் வகுப்பு சப்ளையருக்கு அழைப்பு வரும். ஆனால் நீங்கள் 7,000-க்கே தர வேண்டும். ஆர்டரைப் பிரித்துத் தரும் வகைப் பொருளில் பாதி அளவுக்கு இந்த வாய்ப்பு. ஆகவே டெண்டர் போடும் முன்பே ‘இந்த விலைக்கு இறங்கினால் தாங்குமா?’ என்று கணக்குப் போட்டுவிடுங்கள். அழைப்பு வந்தபின் மறுப்பவர்கள் அதிகம். முன்னுரிமை நடைமுறையில் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

‘மூன்று ஆண்டு அனுபவம், இத்தனை கோடி விற்றுமுதல்’ என்ற நிபந்தனை தடுத்தால், சிறு நிறுவனங்களுக்கும் ஸ்டார்ட்-அப்களுக்கும் தளர்வு கேட்கலாம். டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். தரத்தில் மட்டும் தளர்வு இல்லை. கருவியின் மின்காந்த அலை மற்றக் கருவிகளைத் தொந்தரவு செய்கிறதா என்று பார்க்கும் குறுக்கீட்டுச் சோதனையைத் தரமணியில் உள்ள மத்திய அரசின் சமீர் ஆய்வு மையத்தில் முன்கூட்டியே செய்துவிடுங்கள். கவசமும் எர்த்திங்கும் சரியில்லாமல் முதல் முறை தோற்பது சாதாரணம். மறுசோதனைக்கும் தேதி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் தாமதமானால், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள் வரம்பு சட்டத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உதயம் பதிவு ஆர்டருக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஃபேப் (சிப் தயாரிக்கும் ஆலை) இல்லாத ஊரில் சிப் தொழில் சாத்தியமா? (தரமணி வாசகர்)

வடிவமைப்பு சாத்தியம். சென்னைக்கு அதில் நல்ல அடித்தளமும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி செயலி, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பில் (செயலி புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகள்) எழுந்தது. மத்திய அரசு 2021-ல் அறிவித்த வடிவமைப்பு ஊக்கத் திட்டம், தகுதியான செலவில் பாதி வரை, அதிகபட்சம் 15 கோடி ரூபாய், திரும்பத் தருவதாக வைத்தது. செலவழித்தபின் வரும் பணம் அது என்பதை மறக்க வேண்டாம்.

முதல் மாதிரிக்குத் தனி மாஸ்க் (வடிவமைப்பைச் சிலிக்கானில் பதிக்கும் படத்தகடு) எடுக்காதீர்கள். பல வடிவமைப்புகள் ஒரே வேஃபரை, அதாவது சிலிக்கான் தட்டை, பகிரும் ஷட்டில் ஓட்டத்தில் சேருங்கள். முதல் சிலிக்கானில் பிழை வருவது வழக்கம், அதனால் இரண்டு டேப்-அவுட்டுக்கும் (வடிவமைப்பை முடித்துத் தயாரிப்புக்கு அனுப்புவது) பேக்கேஜிங், சோதனைக்கும் நிதி ஒதுக்கிய பிறகே இறங்குங்கள்.

ஒரு நாட்டின் காலக் கணக்கு இதைவிட நீளமானது. தைவான் 1973-ல் இட்ரி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, 1976-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்திடம் சிப் தொழில்நுட்பம் வாங்கியது. அந்நாட்டின் பெரிய சிப் தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி. பிறந்தது 1987-ல். நம்முடைய மொஹாலி சிப் ஆலை 1984-ல் உற்பத்தி தொடங்கி, 1989-ல் தீயில் நாசமானது. அதை உடனே மீட்டெடுத்து அடுத்த தலைமுறைக்கு நகர்த்தாமல் விட்டது தீவிபத்தைவிடப் பெரிய இழப்பு.

மாநில அரசு என்ன செய்ய முடியும்?

வரியும் வர்த்தக ஒப்பந்தமும் டெல்லியின் கையில். நிலம், தடையில்லா மின்சாரம், தண்ணீர், தங்குமிடம் இங்கே. 2024-ல் வல்லம் வடகாலில் சிப்காட் திறந்த 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் விடுதி, மானியத்தைவிட உருப்படியான தொழில் கொள்கை.

மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறான். எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் வர வழியுண்டா? (ஆவடி வாசகர்)

தாராளமாக. ஒவ்வொரு போன் உறைக்கும் சார்ஜருக்கும் பின்னால் ஓர் அச்சு இருக்கிறது. அந்த அச்சுகளில் பலவற்றை நாம் இன்னும் இறக்குமதி செய்கிறோம். கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் அச்சு வடிவமைப்புப் படிப்புகள் உண்டு. படிக்கும்போதே டூல் ரூமில் (அச்சுகள் செய்யும் பட்டறை) கைவேலை பழகட்டும். கம்ப்யூட்டரில் வரைய மட்டும் தெரிந்தவரைவிட, எஃகு எங்கே வளையும், பிளாஸ்டிக் ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்று கையால் அறிந்தவரைத்தான் ஆலைகள் தேடுகின்றன.