துப்பாக்கி உதைத்துத் தோள் கன்றிப்போகிறது. தாங்கிப் பழகத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 26, உயரம் 156 செ.மீ., எடை 50 கிலோ. களிமண் தட்டு சுடும் விளையாட்டில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. தூக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று 2.7 கிலோ எடையுள்ள 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் ஷாட்கன்னைத் தேர்ந்தெடுத்தேன். 25 தோட்டா சுடுவதற்குள் வலது மேற்கையின் முன்புறம் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றி நீலமாகிவிடுகிறது. கன்ன எலும்பும் வலிக்கிறது. சென்ற வாரம் சுட்ட அன்று இரவு கட்டைவிரல் மரத்துப்போய், காலையில்தான் சரியானது. இப்போதெல்லாம் டிரிகரை அழுத்தும் முன்பே கண் மூடிக்கொள்கிறது. "பழகப் பழகத் தோள் உரமேறிவிடும்" என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. தோலில் காய்ப்பு ஏறலாம். அதற்குக் கீழே இருக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் காய்ப்பு ஏறாது. வலியைப் பொறுத்துக்கொண்டு சுடச் சுட உங்களுக்குப் பழகுவது ஒன்றே ஒன்றுதான்: சுடும் முன் கண்ணை மூடுவது. அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

முதலில் கட்டைவிரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடைசியில் எழுதியிருந்தாலும் எனக்கு அதுதான் முக்கியம். காறை எலும்புக்கு அடியில் ஓடி அக்குள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல், துப்பாக்கிக் கட்டை (தோளில் பதியும் பின்பக்க மரம்) முட்டும் இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. திரும்பத் திரும்ப இடிபட்டால் அது வீங்கி விரல் மரத்துப்போகும். ஒரே இரவில் முழுதாகச் சரியானது நல்ல அறிகுறி. ஆனாலும் 2 வாரம் சுடாதீர்கள். மரமரப்பு மறுபடி வந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, கையைப் பக்கவாட்டில் தூக்கவோ முழங்கையை மடக்கவோ வலு குறைந்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனை அடிபட்டு ஏறத்தாழ 3 வாரம் கழித்துத்தான் தெளிவாகக் காட்டும். அதற்கு முன் எடுத்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாகிவிட வேண்டாம். கை முழுவதும் வீங்கி நீலம் பாய்ந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. அது இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னோர் இடத்தையும் தொட்டுப் பாருங்கள். காறை எலும்பின் வெளிப்பக்க மூன்றிலொரு பாகத்துக்குக் கீழே, விரல் நுனி அழுத்தினால் ஒரு சிறு எலும்பு முனை தட்டுப்படும். கொரகாய்டு என்போம். தட்டு சுடும் விளையாட்டில் தொடர்ந்து ஈடுபடுபவர்களுக்கு அந்த முனையில் மெல்லிய சோர்வு முறிவு ஏற்படுவது மருத்துவத்தில் பதிவான விஷயம். அங்கே அழுத்தும்போது சுருக்கென்று குத்தி, 2 வாரத்திலும் அந்தக் குத்தல் போகாவிட்டால் ஸ்கேன் தேவைப்படும். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடக்கூடும்.

கன்றலுக்கு: துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிடம், முதல் 2 நாளுக்குத் தினமும் நான்கைந்து முறை. அந்த 2 நாளும் வெந்நீர் ஒத்தடம், தைலம் தேய்த்து நீவுதல் இரண்டும் வேண்டாம். உள்ளே கசிவு அதிகமாகும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டாம், அது இரத்தக் கசிவைக் கூட்டும். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஏறத்தாழ 2 வாரத்தில் மறையும்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். உங்கள் கன்றலே எதைத் திருத்த வேண்டும் என்று சொல்கிறது. கட்டை உட்கார வேண்டிய இடம், காறை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உட்பக்கமாக, மார்புத்தசை தடித்திருக்கும் குழி. உங்களுக்கு நீலம் மேற்கையில் இருக்கிறது. அப்படியென்றால் கட்டை உங்களுக்கு நீளம். குழிக்குள் வராமல் வெளியே நழுவிக் கையில் உட்காருகிறது. கன்ன எலும்பு வலிப்பதற்குக் காரணம், கன்னம் வைக்கும் விளிம்பு தாழ்வாக இருப்பது. குறி தெரியத் தலையைத் தூக்குகிறீர்கள். கன்னத்துக்கும் கட்டைக்கும் இடையே விழும் அந்த இடைவெளியில் வேகம் பிடித்து வந்து கட்டை அறைகிறது.

ஆனாலும் கட்டையில் கை வைக்கும் முன் தோட்டாவை மாற்றுங்கள். செலவும் குறைவு, பலனும் அதிகம். கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு 365 மீட்டர் வேகத்தில் 32 கிராம் ரவையை (சிறு குண்டுகளை) வெளியே தள்ளும் தோட்டா, 2.7 கிலோ துப்பாக்கியை ஏறத்தாழ 33 ஜூல் ஆற்றலோடு பின்னால் உதைக்கிறது. ஒரு கிலோ கல்லை 3.3 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றல் அது. அதே வேகத்தில் 24 கிராம் தோட்டா போட்டால் உதை 19 ஜூலுக்கு இறங்கிவிடும். தோட்டாவை மாற்றாமல் துப்பாக்கியில் 400 கிராம் எடையை மட்டும் கூட்டினால் கிடைப்பது 28 அல்லது 29 தான். இரண்டையும் செய்தால் 17. தொடக்கத்தில் இருந்ததில் பாதி! 24 கிராமை வலுவில்லாத தோட்டா என்று யாராவது சொன்னால், டிராப், ஸ்கீட் என்னும் ஒலிம்பிக் தட்டு சுடும் போட்டிகளில் சுடுவதே 24 கிராம்தான் என்று சொல்லுங்கள். பெட்டியில் எடையை மட்டும் பார்க்காமல் வேகத்தையும் பாருங்கள். வேகத்தைக் கூட்டிய 24 கிராம் தோட்டாவும் உண்டு. வாங்கிய லாபத்தில் ஒரு பங்கை அது திருப்பி எடுத்துக்கொள்ளும். தோட்டாவின் நீளம் குழலில் பொறித்திருக்கும் நீளத்தைத் தாண்டவே கூடாது.

"20 போருக்கு மாறிவிடு" என்றும் சொல்வார்கள். எண் பெரிதானாலும் அது 12 போரைவிடச் சிறிய குழல். 20 போர் துப்பாக்கி இன்னும் இலேசாக இருந்து, அதில் 28 கிராம் தோட்டாவும் போட்டால் தோளுக்கு ஒரு லாபமும் இல்லை. அப்படியே மாறினாலும் இரண்டு வகைத் தோட்டாவையும் ஒரே பையில் வைக்காதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவிப்போய்ச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து விரல்கள் போய்விடும்.

அடுத்தது கட்டையின் நீளம். அளக்கும் முன் இரண்டு குழலும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். சுடும்போது போடும் அதே மேலுடையோடு, துப்பாக்கியைத் தோளில் பொருத்திக் கன்னத்தை வைத்து நில்லுங்கள். மூக்கு நுனிக்கும், பிடித்திருக்கும் கட்டைவிரல் முட்டிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து அளப்பது தோராயம்தான், அதை நம்பி மரத்தை அறுக்காதீர்கள். டிரிகரிலிருந்து அடிக்கட்டையின் நடுப்பகுதி வரை பொதுவாக 360 மி.மீ. அளவில் வரும். உங்கள் உயரத்துக்கு 330 முதல் 337 மி.மீ. வரை சரியாக வரலாம்.

இதில் பலர் கட்டையின் தோள் முனையில் பொருத்தும் ரப்பர் பேடின் கனத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இப்போது 365 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 மி.மீ. பிளாஸ்டிக் தகடு, மரம் 353. 25 மி.மீ. மென்பேடு போட்டு மொத்தம் 335 வேண்டுமென்றால் மரம் 310 தான் இருக்க வேண்டும். அறுக்க வேண்டியது 43 மி.மீ., 30 அல்ல. ஒரேயடியாக 43-ஐயும் அறுக்காமல் 38-இல் நிறுத்தி, சில நாள் சுட்டுப் பார்த்துவிட்டு மீதியை எடுக்கச் சொல்லுங்கள். அறுத்த துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இது துப்பாக்கி செப்பனிடுபவரின் வேலை. கட்டையைப் பிணைக்கும் போல்ட்டின் துளை பேடுக்கு நேராக வர வேண்டும், அறுக்கும் கோணமும் மாறக்கூடாது.

கோணம் பெண்களுக்கு மிகவும் முக்கியம். கட்டையின் கீழ்முனை மார்பின் மேற்பகுதியில் குத்தினால், முழுப் பரப்பில் பரவ வேண்டிய உதை ஒரே முனையில் இறங்கும். துப்பாக்கியைப் பொருத்தி நிற்கும்போது துணைக்கு ஒருவரை விட்டு, பேடின் மேலும் கீழும் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நுழைகிறதோ அந்தப் பக்கம் தொடவில்லை. பேடுக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய வாஷர் வைத்துச் சாய்வைத் திருத்தலாம். கீழ்முனையைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுவதும் உதவும்.

கன்ன விளிம்பை உயர்த்த மரத்தைத் தொட வேண்டியதில்லை. 3 மி.மீ. நுரைப்பட்டையை ஒவ்வோர் அடுக்காக ஒட்டி, கன்னத்தை அழுத்தி வைத்த நிலையிலேயே கண், குழலின் மேல்பட்டைக்கு நேராக வரும்வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் குண்டு குறிக்கு மேலே போகும்.

எடையைக் கூட்டுவது கடைசி. எல்லாவற்றையும் அடிக்கட்டைத் துளையில் திணித்தால் குழல்முனை மேலே துள்ளும். முன்னால் மட்டும் கட்டினால் கை சோர்ந்து முதுகு பின்னால் சாயும். 300 முதல் 400 கிராமைப் பின்னாலும் முன்பிடிக்கு அருகிலும் பிரித்து, ஆடாமல் இறுக்கிப் பொருத்த வேண்டும். காலித் துப்பாக்கியைத் தோளில் வைத்து அரை நிமிடம் நடுங்காமல் நிற்க முடியாவிட்டால் அந்த எடை உங்களுக்கு அதிகம். குழலில் துளை போடுவதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஷாட்கன் குழலின் முனையில் வாயு அழுத்தம் குறைவு; உதை சொற்பமே குறையும், பக்கத்தில் நிற்பவரின் காதுக்குச் சத்தம் கூடும். குழலின் நீளத்தைக் குறைக்கவே கூடாது: உதை கூடும், பல நாடுகளில் குற்றமும்கூட.

கண் மூடிக்கொள்வதற்குத் தோள்வலி பாதிக் காரணம், மீதி சத்தம். ஷாட்கன் வெடிப்பு 150 டெசிபெல்லைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே வெடிகூடச் செவியை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடும். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுமூடி, இரண்டும் போடுங்கள். கண்ணாடியும் கட்டாயம்.

2 வாரம் கழித்து, குழியையும் மேற்கையையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்து வலியே இல்லையென்றால் தொடங்கலாம். முதல் நாள் 10 தோட்டா, அடுத்த முறை 15. உடல் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு முன்காலில் இருக்கட்டும். துப்பாக்கியை முதலில் கன்னத்துக்குக் கொண்டுவந்து, பிறகு தோளுக்கு இழுங்கள். பேடுக்கும் தோளுக்கும் நடுவே விரலளவு இடம் விட்டால்கூடத் துப்பாக்கி வினாடிக்கு 4, 5 மீட்டர் வேகத்தில் வந்து சுத்தியலாக இறங்கும். ஒட்டியிருந்தால் தள்ளும், அவ்வளவுதான். பயிற்சியாளரிடம் சொல்லி, நடுநடுவே உங்களுக்குத் தெரியாமல் ஒரு டம்மி தோட்டாவைப் போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்தத் தடவையில் குழல்முனை கீழே குனிந்தால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு, காலித் துப்பாக்கியைப் பொருத்திப் பழகுங்கள்.

இதே வலியோடு வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுடும் தோள் பக்கம் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் அந்தத் தோளில் துப்பாக்கியை வைக்காதீர்கள். உதையால் அதன் கம்பி சேதமடைந்த நிகழ்வுகள் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், அண்மையில் கண் அறுவை செய்தவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம். கர்ப்பிணிகள் சுடுவதைத் தள்ளிப்போட வேண்டும். சத்தமும் ஈயத்தூசியும் குழந்தைக்கு ஆகாது. சுட்டு முடித்தபின் சாப்பாட்டைத் தொடும் முன் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாருக்குமே அவசியம்.